வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்திருக்கிறதா? அதற்கு முந்தைய பத்து வசனங்கள் என்ன சொல்கின்றன?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, பல சபைகளில் எல்லார் கையிலும் ஒரு சின்ன அட்டை இருக்கும். அதில் ஒரே ஒரு பைபிள் வசனம். சில இடங்களில் பாஸ்டர் சபை முழுவதற்கும் பொதுவாக ஒரு வசனத்தை அறிவிப்பார். சில இடங்களில் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். 'வாக்குத்தத்த வசனம்' என்று பெயர். வீடு வந்து சேர்வதற்குள் அது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிவிடும். சிலர் பர்ஸில் வைப்பார்கள், சிலர் ஆபீஸ் மானிட்டர் ஓரத்தில் ஒட்டுவார்கள்.

இந்த அட்டைகளில் அடிக்கடி தலைகாட்டும் வசனங்களில் ஒன்று, எரேமியா 29:11. உங்களைப் பற்றிக் கடவுளின் மனதில் இருப்பது கெடுதல் அல்ல, நல்லதுதான். உங்களுக்கு ஒரு எதிர்காலம் உண்டு என்பது அதன் சாரம். வேலை தேடுபவர், வரன் பார்ப்பவர், விசா இண்டர்வியூவுக்குக் காத்திருப்பவர் என யார் கையில் கிடைத்தாலும் 'இது எனக்காகவே வந்திருக்கு' என்று தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

சிக்கல் ஏப்ரல், மே வாக்கில் ஆரம்பிக்கும். ஆஃபர் லெட்டர் வரவில்லை. இல்லாவிட்டால் இருந்த வேலையும் போய்விட்டது. இப்போது அந்த அட்டையை என்ன செய்வது? 'எனக்குத்தான் விசுவாசம் பத்தலையோ' என்று சிலர் தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். சிலர் யாரிடமும் சொல்லாமல் பைபிளை மூடி வைத்துவிடுகிறார்கள். வசனம் கிடைத்துவிட்டது என்ற தைரியத்தில் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டில் பதில் சொல்ல முடியாமல் நிற்பவர்களும் உண்டு.

அப்படியானால் வசனம் பொய்யா? அதைக் கேட்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எரேமியா 29:11 தனியாக நிற்கும் பொன்மொழி இல்லை. ஒரு நீளமான கடிதத்தின் நடுவில் வரும் ஒரு வரி. கடிதத்தை யாருக்கு, எந்த நிலைமையில் எழுதினார்கள் என்று தெரிந்தால், அந்த வரி சுருங்கிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது பெரிதாகிறது. வேறு விதமாகப் பெரிதாகிறது, அவ்வளவுதான்.

கடிதம் யாருக்குப் போனது?

கி.மு. 597-ல் பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தார். 18 வயது அரசர் எகொனியா, அவருடைய தாய், அரண்மனை அதிகாரிகள், கூடவே தச்சர்கள், கொல்லர்கள் எல்லாரையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களாகப் பார்த்து அள்ளியிருக்கிறார்கள், இன்றைய மொழியில் ஸ்கில்டு லேபர். இது வெறும் பைபிள் கதை என்று நினைக்க வேண்டாம். எகொனியாவுக்கும் அவருடைய ஐந்து மகன்களுக்கும் எண்ணெய் அளந்து கொடுத்த அரண்மனைக் கணக்கு, பாபிலோன் அகழாய்வில் கிடைத்த களிமண் பலகைகளில் இருக்கிறது. அவை இப்போது பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளன.

போனவர்களுக்கும் சரி, எருசலேமில் மிச்சம் இருந்தவர்களுக்கும் சரி, மனதில் இருந்தது ஒரே கேள்விதான்: எப்போது திரும்புவோம்?

அனனியா என்ற தீர்க்கதரிசி அதற்கு நச்சென்று பதில் சொன்னார். இரண்டே வருஷம். ஆலயத்திலிருந்து கொள்ளை போன பாத்திரங்கள் திரும்பி வரும், அரசரும் வந்துவிடுவார். இது 28-ம் அதிகாரத்தில் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே அதைக் கேட்ட எரேமியா உடனே மறுக்கவில்லை என்பது சுவாரஸ்யம். 'ஆமென், அப்படியே நடக்கட்டும்' என்கிற தோரணையில்தான் ஆரம்பிக்கிறார். அவருக்கும் அது நடந்தால் நல்லது என்றுதான் ஆசை. ஆனால் ஆசையை வாக்குறுதியாக்கி விற்பதை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளிலேயே அனனியாவை நேருக்கு நேர் மறுத்தார். அந்த வருஷமே அனனியா இறந்தும் போனார்.

அடுத்த அதிகாரம்தான் நம்முடைய கடிதம். சிதேக்கியா அரசர் பாபிலோனுக்கு அனுப்பிய தூதர்கள் இருவர் கையில் எரேமியா அதைக் கொடுத்தனுப்புகிறார். பிரித்துப் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிர்பார்த்தது, 'பெட்டியைக் கட்டுங்கள்'. கடிதத்தில் இருந்தது நேர் எதிர். அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்கிறார். தோட்டம் போட்டு விளைவதைச் சாப்பிடச் சொல்கிறார். கல்யாணம் செய்யுங்கள், பிள்ளை பெறுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கும் அங்கேயே கல்யாணம் செய்து வையுங்கள் என்கிறார். அதற்கும் மேலே ஒரு படி: உங்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று பாடுபடுங்கள், அதற்காக ஜெபம் செய்யுங்கள்.

பிறகுதான் கால அளவு வருகிறது. 70 வருஷம்.

கடிதம் வந்தபோது ஒருவருக்கு 30 வயது என்று வைத்துக்கொள்வோம். 70 வருஷம் கழித்து அவருக்கு நூறு. அதாவது, கடிதத்தைப் படித்த பெரியவர்களில் அநேகமாக யாருமே ஊர் திரும்பப்போவதில்லை. இந்த இடத்தில்தான், 10-ம் வசனத்தில் இந்தக் கணக்கைச் சொன்ன கையோடு, நாம் ஸ்டேட்டஸில் வைக்கும் 11-ம் வசனம் வருகிறது.

கடிதத்துக்கு பாபிலோனிலிருந்து பதிலும் வந்தது. செமாயா என்பவர் எருசலேம் ஆசாரியருக்கு எழுதுகிறார்: இந்த ஆள் எங்களை இங்கேயே வீடு கட்டச் சொல்கிறான், நீங்கள் ஏன் இவனைப் பிடித்துத் தொழுவில் மாட்டவில்லை? அன்றைக்கு இந்த வசனத்துக்குக் கிடைத்த ரெஸ்பான்ஸ் அப்படி.

தமிழ் பைபிள் காட்டிக்கொடுக்கும் இரண்டு சொற்கள்

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஒரு தடங்கல் உண்டு. 'யூ' என்றால் ஒருவரா, பலரா என்று தெரியாது. தமிழில் அந்தப் பிரச்சினை இல்லை என்று நினைப்போம். ஆனால் நமக்கு வேறு மாதிரி சிக்கல். இன்றைக்கு நாம் மரியாதைக்காக ஒருவரையே 'நீங்கள்' என்கிறோம். அதனால் 'உங்களுக்கு' என்று படித்ததும், கடவுள் நம்மிடம் மரியாதையாகப் பேசுவதுபோல் காதில் விழுகிறது.

புராட்டஸ்டண்ட் சபைகளில் இன்றும் பரவலாகப் படிக்கப்படுவது, ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871-ல் வெளியான மொழிபெயர்ப்பின் தமிழ். அதில் ஒருவரைக் கூப்பிட 'நீ'. கடவுளையோ அரசரையோ கூப்பிட 'நீர்'. 'நீங்கள்' என்று வந்தால் பலர். எபிரேய மூலத்திலும் இந்த இடத்தில் பன்மைதான். ஆக, அந்த வாக்குறுதி ஒரு ஆளின் கேரியருக்குக் கொடுத்தது இல்லை. ஒரு ஜனத்துக்கு, தலைமுறை தாண்டிக் கொடுத்தது. அதில் நாமும் சேர்த்தி என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. நாம் மட்டும் என்பது இல்லை.

இன்னொரு சொல், 'சமாதானம்'. கடவுளின் எண்ணம் சமாதானத்துக்கானது என்று 11-ம் வசனத்தில் வருகிறது. நாலு வசனம் மேலே போனால் பாபிலோன் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடச் சொல்லும் இடத்திலும் அதே சொல். இரண்டுக்கும் மூலத்தில் இருப்பது 'ஷாலோம்'. சண்டை இல்லாமல் இருப்பது மட்டும் அல்ல. உடம்பு, வீடு, ஊர், உறவு எல்லாம் குறையில்லாமல் இருப்பதைச் சொல்லும் வார்த்தை. ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் இரண்டு இடத்திலும் வேறு வேறு சொல் போட்டிருப்பதால் இந்தத் தொடர்பு மறைந்துபோகிறது. பழைய தமிழில் பளிச்சென்று தெரிகிறது: உனக்கு வைத்திருக்கும் ஷாலோம், நீ குடியிருக்கும் ஊரின் ஷாலோம் வழியாகத்தான் வருகிறது. 11-ம் வசனத்தைவிட 7-ம் வசனம்தான் கஷ்டமானது என்பது என் அபிப்பிராயம். அதை அட்டையில் அச்சடிக்க யாருக்கும் அவ்வளவாக மனம் வருவதில்லை.

பிஜி ரூமில் இருப்பவருக்கு இது என்ன சொல்கிறது?

திருநெல்வேலியிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ கிளம்பி பெங்களூருவில் எட்டு வருஷமாக இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கட்டில் வாங்கவில்லை, மெத்தை தரையில். வோட்டர் ஐடி இன்னும் ஊரில். பக்கத்து ஃப்ளாட்டில் யார் என்று தெரியாது. கன்னடம், ஆட்டோவுக்கு வழி சொல்லும் அளவுக்கு. 'ஆன்சைட் கிடைச்சதும்', 'செட்டில் ஆனதும்', 'ஊர்ப்பக்கம் டிரான்ஸ்ஃபர் வந்ததும்' என்று எல்லாமே அடுத்த கட்டத்துக்குத் தள்ளிப்போட்ட வாழ்க்கை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் சபைக்குப் போனால், அங்கேயும் ஜெபக் குறிப்பு அதுதான்: சீக்கிரம் இங்கேயிருந்து கிளம்பணும்.

எரேமியாவின் கடிதம் கிட்டத்தட்ட இவர்களுக்கு எழுதினது மாதிரியே இருக்கிறது. காத்திருக்கும் காலத்தை வாழ்க்கைக் கணக்கில் சேர்க்காமல் விடாதே என்கிறது. தோட்டம் போடு என்றால், பழம் கையில் வரும் வரைக்கும் அங்கே இருக்கப்போகிறவன் மாதிரி நடந்துகொள் என்று அர்த்தம். ஊருக்காக ஜெபம் செய் என்றால், அந்த ஊரின் தண்ணீர்ப் பிரச்சினை உனக்கும் பிரச்சினை என்று அர்த்தம். அபார்ட்மெண்ட் மீட்டிங்குக்குப் போவது, வாட்ச்மேனின் பெயரைத் தெரிந்துகொள்வது, ஏரி சுத்தம் செய்யும் குழுவோடு ஒரு சனிக்கிழமை நிற்பது — இவையெல்லாம் ஆவிக்குரிய காரியங்களின் பட்டியலில் வழக்கமாக வராதவை. இந்த அதிகாரத்தின்படி வரவேண்டியவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 'இருக்கும் இடத்திலேயே இரு, அதற்காக ஜெபி' என்பதை எடுத்து, அடி வாங்கும் வீட்டிலேயே பொறுத்துக்கொண்டு இரு என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் தராத கம்பெனியில் தொங்கிக்கொண்டிரு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். கடிதம் போனது, திரும்புவதற்குக் கதவே இல்லாதவர்களுக்கு. கதவு திறந்திருப்பவரைப் பூட்டி வைக்க அதைப் பயன்படுத்துவது, அட்டையில் ஒற்றை வரியைப் பிய்த்தெடுப்பதைவிட மோசமான வேலை. இதே புத்தகத்தின் 50, 51-ம் அதிகாரங்கள் பாபிலோனின் கொடுமையை வெளுத்து வாங்குகின்றன. அந்த ஊருக்காக ஜெபிக்கச் சொன்னதால் அது செய்தது சரி என்று ஆகிவிடவில்லை.

எரேமியா தன் விஷயத்தில் என்ன செய்தார் என்பதற்கும் பதில் இருக்கிறது, 32-ம் அதிகாரத்தில். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்திருக்கிறது. அவரோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் அவருடைய அப்பாவின் சகோதரர் மகன் வந்து, ஆனதோத் ஊரில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எதிரிப் படை நிற்கும் ஊரில் நிலம்! எந்த ஃபைனான்ஷியல் அட்வைசரும் வேண்டாம் என்பார். எரேமியா 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிக் கையெழுத்து வாங்கி, பத்திரத்தை ஒரு மண்பானையில் போட்டுப் பாதுகாக்கச் சொல்கிறார். ஊர் விழப்போகிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் இங்கே மறுபடியும் வீடும் நிலமும் கைமாறும் என்பதற்கு அந்தப் பத்திரம் அத்தாட்சி. 29:11 சொல்லும் நம்பிக்கை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று கேட்டால், நான் இந்தப் பானையைத்தான் காட்டுவேன்.

அட்டை எடுப்பதே தப்பா?

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. கி.பி. 386-ல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அகஸ்டின் ஒரு குழந்தைக் குரலைக் கேட்டு, பவுலின் கடிதத்தைத் திறந்து கண்ணில் பட்ட இடத்தைப் படித்ததும், அதோடு வாழ்க்கையே மாறியதும் பிரபலமான சம்பவம். அதே அகஸ்டின் பிற்பாடு யனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில், சுவிசேஷப் பக்கங்களைச் சீட்டுப் போல எடுத்து உலகக் காரியங்களுக்குக் குறி பார்ப்பதை எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். பேய்களிடம் போய்க் கேட்பதற்கு இது பரவாயில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார், பாவம். 506-ல் பிரான்ஸின் ஆக்து நகரில் கூடிய சபைச் சங்கம் இந்தக் குறி பார்க்கும் பழக்கத்தைத் தடையே செய்தது.

குறி பார்க்காமல் வசனம் எடுக்கும் வழியும் இருந்தது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹுட்டில் மொராவியச் சகோதரர்கள் 1728 முதல் தினமும் ஒரு வசனத்தை வீடு வீடாகச் சொல்லி அனுப்பினார்கள். 1731 முதல் அது ஆண்டுதோறும் புத்தகமாக அச்சாகிறது. இன்றைக்கும் வசனங்களைச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அது தனிநபருக்கான ஜோசியம் இல்லை. அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே வரியைப் பற்றி யோசிக்கும். அந்த வித்தியாசம் முக்கியம்.

வசன எண்களே ரொம்பப் பிந்தி வந்தவை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதிகாரப் பிரிப்பு 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சகர், 1551-ல். வசன எண்கள் வருவதற்கு முன்னால் '29:11' என்று எண் போட்டுக் காட்ட வழியில்லை. கடிதம் கடிதமாகத்தான் இருந்தது.

இதேபோல் பிய்த்தெடுக்கப்படும் இன்னொன்று பிலிப்பியர் 4:13, ஜிம் டி-ஷர்ட் வரைக்கும் வந்துவிட்டது. எதையும் சாதிப்பேன் என்ற தொனியில் சொல்கிறார்கள். பவுல் அதை எழுதும்போது சிறையில் இருக்கிறார், பிலிப்பி சபை அனுப்பிய பணத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். முந்தின வரியில் பேசுவது பசியையும் வயிறு நிறைவதையும் பற்றி. இரண்டிலும் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் விஷயம். மாசக் கடைசியில் இஎம்ஐ கட்ட முடியாதவருக்கு, சாதிப்பேன் என்ற அர்த்தத்தைவிட இது நெருக்கமாக இருக்கும்.

மத்தேயு 18:20-ம் அப்படித்தான். ஜெபக்கூட்டத்துக்கு ஆள் குறைவாக வரும்போது, இரண்டு பேரோ மூன்று பேரோ கூடினால் போதும் என்று சமாதானம் சொல்ல எடுப்பார்கள். ஐந்து வசனம் மேலே போனால், உனக்குத் தப்பு செய்தவனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேசு என்று இருக்கிறது. கேட்காவிட்டால்தான் இன்னும் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். டீம் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட் போடுவதற்கு முன்னால் படிக்க வேண்டிய பகுதி.

மொபைல் ஆப்பில் 'இன்றைய வசனம்' வரும்போது, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினால் முழு அதிகாரமும் திறந்துவிடும். மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் போதும், மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் படித்துவிடலாம். யார் பேசுகிறார், எதிரே யார் நிற்கிறார்கள், 'நீ'யா 'நீங்கள்'ஆ என்று மட்டும் பாருங்கள். வியாக்கியானப் புத்தகம் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முழுதாகப் படித்தால் ஆறுதல் போய்விடுமோ என்ற பயம் இருந்தால், அதே சிறையிருப்பு பற்றிய சங்கீதம் 137-ஐயும் படியுங்கள். போனி எம் பாட்டாகக் கேட்டிருப்பீர்கள். பாட்டில் சேர்க்காத கடைசி வரிகளில் கசப்பும் பழிவாங்கும் வெறியும்தான் இருக்கின்றன. அழுகைக்கும் கோபத்துக்கும் பைபிளில் இடம் இருக்கிறது என்று தெரிவதே சிலருக்கு அட்டையைவிடப் பெரிய ஆறுதல்.

அந்தக் கடிதத்தின்படி யாராவது நடந்தார்களா?

நடந்திருக்கிறார்கள் என்று நினைக்க இடம் இருக்கிறது. பாபிலோனியாவில் 'யூதா நகரம்' என்ற பொருளில் 'அல்-யாகுது' என்று ஒரு ஊர் இருந்தது. அங்கும் அக்கம்பக்கத்திலும் எழுதப்பட்ட களிமண் ஆவணங்கள் கலைப்பொருள் சந்தை வழியாக வெளியே வந்தன, 2014-ல் பெரிய தொகுப்பு ஒன்று பதிப்பிக்கப்பட்டது. அவற்றில் இருப்பவர்கள் யூதாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். ஜெபமோ பாட்டோ எதுவும் இல்லை. பார்லி கடன், பேரீச்சை விளைச்சல், நிலக் குத்தகை, வரி, அப்பா சொத்தை மகன்கள் பிரித்துக்கொண்ட பத்திரம். பல பெயர்களில் கடவுளின் பெயரான 'யாகு' ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆவணங்களின் காலம் கி.மு. 572-லிருந்து 477 வரை. பாரசீக அரசர் கோரேசு பாபிலோனைப் பிடித்தது 539-ல். அடுத்த வருஷமே ஊர் திரும்ப அனுமதி கிடைத்ததாக பைபிள் சொல்கிறது. அதற்குப் பிறகும் அறுபது வருஷம், அல்-யாகுதுவில் சிலர் பார்லியை அளந்து வரி கட்டிக்கொண்டிருந்தார்கள்.